நஸ்மியே கடலுக்குப் போன பெருநாள்

என் தம்பி ராசிமின் மனைவி நஸ்மியேவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். பதினொரு வயதில் எங்கள் அஃப்யோன் மாவட்டத்து இஸ்ஜெஹிசாரில் கல் அறுக்கும் ரம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். இன்று அதே தெருவில் இரண்டு ரம்பமும் பதினாறு ஆட்களும் என் பெயரில் ஓடுகின்றன. அங்காராவில் படி ஏறி மூச்சு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் பளிங்கின் மேல் நின்றுதான் மூச்சு வாங்குகிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் கட்டிய வீடு மூன்று மாடி. கீழே நானும் என் மனைவி சிதிகாவும். நடுவில் ராசிமும் நஸ்மியேவும். மேலே என் மகன் துன்ஜாய் குடும்பம். நஸ்மியே கசகசா வயலில் வளர்ந்த பெண், இருபத்து மூன்று வயதில் மருமகளாக வந்தாள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இருபத்தாறு ஹஜ்ஜுப் பெருநாள் இந்த வீட்டில் பார்த்துவிட்டாள். மாட்டை அறுப்பது நான், கறியைப் பங்கு போடுவது ராசிம், குடல் கழுவுவது நஸ்மியே. பிறகு பெரியவர்கள் கையை முத்தமிட வருகிற ஊருக்கெல்லாம் தேநீர், இனிப்பு, மறுபடி தேநீர். நான்காம் நாள் அவள் விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருக்கும். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. மனம் நிறைந்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ராசிமுக்கும் நடுவில் இன்னொரு தம்பி உண்டு, வெதாத். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெருநாளுக்கு அவன் வரவில்லை. பிள்ளைகளோடு அய்வாலிக்கில் கடலில் குளித்துக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. திரும்பி வந்து மணி அடித்தான். நான் கதவைத் திறக்கவில்லை. பட்டறையில் அவன் இடமும் போயிற்று, எங்கள் பேச்சும் போயிற்று. அன்று மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தவர்கள் இருவர். ராசிம் ஒருவன். இன்னொருத்தி நான்கு வயது மகளை இடுப்பில் வைத்திருந்த நஸ்மியே.

இதைத் தெரிந்துகொண்டால்தான் அவள் எதற்குப் பயந்தாள் என்பது புரியும். அவளுக்குக் கடல் வேண்டியிருந்தது. அதற்கு ராசிமுக்கு விடுமுறை கிடைப்பது பெருநாளில் மட்டும்தான், ஏனென்றால் மற்ற நாளில் ரம்பத்தை நான் நிறுத்துவதில்லை. பெருநாளில் கடலுக்குப் போனவனுக்கு என் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

கடலை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். மகள் எல்வானைப் படிக்கச் சேர்க்க இஸ்மிருக்குப் போனபோது, பேருந்து ஜன்னல் வழியாக. அந்த எல்வான் இப்போது இஸ்மிரிலேயே வேலை பார்க்கிறாள். பிப்ரவரி மாதம், முன்பதிவு செய்தால் சலுகை என்று விளம்பரங்கள் வரத் தொடங்கும் நாளில், தாயும் மகளும் தொலைபேசியில் ஆரம்பித்தார்கள். நஸ்மியே நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களை எழுதிப் பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள்.

"போத்ரும் பாரும்மா, எவ்வளவு அழகா இருக்கு."

"அங்க ராத்திரியெல்லாம் பாட்டுக் கச்சேரியாமே. அன்தால்யா?"

"அஃப்யோன்ல பாதிப் பேர் அன்தால்யாலதான் கிடப்பாங்க. காலைச் சாப்பாட்டு வரிசைல பெரியப்பாவோட கணக்குப்பிள்ளை உனக்கு முன்னால நிப்பாரு, பரவாயில்லையா?"

"அய்யோ, அந்தப் பேரை அடிச்சிடுறேன்."

குஷாதாசியில் ஊர் இமாமின் சம்பந்தி வீடு வாங்கியிருக்கிறார், அதையும் அடித்தாள். மர்மாரிஸுக்கு எங்கள் கல் லாரிகள் போகும், அதுவும் போயிற்று. மற்றவர்கள் கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மணல் எப்படி, சாப்பாடு எப்படி என்று பார்ப்பார்கள். இவள் எங்கள் மாவட்டத்து 03 எண் போட்ட கார் எந்த ஊரில் குறைவாக நிற்கும் என்று பார்த்தாள். கடைசியில் மிஞ்சியது திதிம். அதிலும் பெரிய கடற்கரையை விட்டுத் தள்ளி ஒரு சிறிய விடுதி, ஐந்து நாள், கடல் பார்த்த அறை. முன்பணத்துக்குத் தன் வளையல்களில் ஒன்றை விற்றாள். கையை அசைக்கும்போது சத்தம் குறைந்தது யாருக்காவது கேட்டுவிடுமோ என்று அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

ராசிமிடம் மார்ச்சில்தான் சொன்னாள். அவன் கையில் எடுத்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டானாம்.

"அண்ணன் நம்மள வீட்டை விட்டுத் துரத்திடுவாரு நஸ்மியே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு ஆச்சு. அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு கால் வச்சுப் பாக்காமயே செத்துடுவேனோன்னு அதைவிடப் பயமா இருக்கு."

ஜூனில் அஃப்யோன் சந்தைக்குப் போய், முழுக்கை முழுக்காலோடு தலையும் மூடுகிற நீச்சல் உடை ஒன்று வாங்கிவந்தாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து சிதிகா மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். பெருநாள் இனிப்புக்கு மாவைத் தாள் தாளாகத் தேய்க்க வேண்டும், வா என்று. ஈரம் உறிஞ்சாத அந்தத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை. மேலே நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

"ஏன்டி நஸ்மியே, வீட்டுக்குள்ள கோட்டு?"

"லேசா குளிருது அக்கா."

"தெருவுல தார் உருகுது, உனக்குக் குளிருதா! கழுத்துல என்னடி கறுப்பா?"

"உள்சட்டை அக்கா."

"கழட்டிட்டு உக்காரு, மூஞ்சியெல்லாம் வேர்க்குது."

"இல்ல அக்கா, இப்படியே இருக்கட்டும்."

மூன்று மணி நேரம், அடுப்பு எரிகிற சமையலறையில், நீச்சல் உடையின் மேல் கோட்டோடு உட்கார்ந்து நாற்பது தாள் மாவு தேய்த்தாள். இரண்டு தடவை கண் இருட்டியது. அன்று மாலை சிதிகா என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணுக்கு உடம்புல என்னமோ இருக்குங்க, மறைக்கிறா" என்றாள். என் மனைவிக்கு எதுவும் தப்பாது.

மறுநாள் பட்டறையில் நானும் ராசிமும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேசை மேல் கிடந்த அவன் தொலைபேசி அடித்தது. எடுத்தான். முகம் சுண்ணாம்பாயிற்று. விடுதிக்கார அம்மாள்தான் கூப்பிட்டிருக்கிறாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்க. அது எனக்கு எப்படித் தெரியும்?

"ஆமாங்க... ஆமாம் டாக்டர்... ரெண்டு பேர்தான் டாக்டர்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

"எந்த டாக்டர்டா?"

"எஸ்கிஷெஹிர்ல, அண்ணே."

"யாருக்கு?"

"நஸ்மியேக்கு. பித்தப்பைல கல்லு. ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எப்போ?"

"பெருநாளுக்கு முந்தின நாள் வரச் சொல்லியிருக்காங்க."

"பெருநாள்ல எந்த டாக்டர்டா கத்தி எடுப்பான்?"

"அவசரம்னு சொன்னாங்க அண்ணே."

அவசரம் என்றதும் சிதிகா சொன்ன கோட்டும் வேர்வையும் நினைவுக்கு வந்தன. மலையில் முப்பது டன் கல் சங்கிலி அறுந்து என் காலடியில் விழுந்தபோதுகூட நான் சிகரெட்டை அணைக்கவில்லை, பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம், அன்று கையிலிருந்த சிகரெட்டை அணைத்துவிட்டேன்.

அன்று மாலை ராசிம் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் நஸ்மியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"என்ன சொல்லித் தொலைச்சீங்க? இல்லாத நோயை வாயால கூப்பிட்டிருக்கீங்களே!"

"வாயில வந்துடுச்சு."

"நாளைக்கே நிஜமா வந்துட்டா?"

போவதா வேண்டாமா என்று மூன்று நாள் அவள் தூங்கவில்லை. வயிற்றில் சின்னதாக எது இழுத்தாலும் கல்லோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, வீடு முழுக்க அவளுக்காகத் தொழுகையில் துஆ கேட்டுக்கொண்டிருந்தது. கீழே வந்து உண்மையைச் சொல்ல ஒருநாள் பாதிப் படி இறங்கினாளாம். வெதாத் மணி அடித்தபோது அவள் நின்ற அதே படியில் கால் நின்றுவிட்டது.

பெருநாளுக்கு முந்தின காலை அவர்கள் கிளம்பினார்கள். நான் ஓட்டி வருகிறேன் என்றேன், ராசிம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றான். என் தலையணையைக் காரில் வைத்தேன். போனவர்கள் தண்ணீர் ஓடுகிற மாதிரி தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும் என்று சிதிகா காரின் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அழுதாள். நஸ்மியே பின் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். கத்திக்குப் பயப்படுகிறாள் பாவம் என்று நினைத்தேன்.

பெருநாள் காலை. மாட்டை அறுத்து முடித்தேன். முதல் ஈரல் வாணலியில் கிடந்தது. ராசிம் கூப்பிட்டான்.

"பெருநாள் வாழ்த்து அண்ணே."

"வாழ்த்து இருக்கட்டும், அவ எப்படி இருக்கா?"

"ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லாத்தான் இருக்கா."

"என்னடா அங்க அழுகைச் சத்தம்?"

அது கடற்பறவைகள் என்று பின்னால்தான் தெரிந்தது. அவன் சொன்னான், "பக்கத்துல குழந்தைகள் பிரிவு அண்ணே."

"சாயங்காலம் வர்றோம்."

"வராதீங்க அண்ணே! யாரையும் பாக்க விட மாட்டாங்களாம்."

பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டான்.

இங்கேதான் என் தம்பி பெரிய தப்புச் செய்தான். வெளியூர்க்காரனிடம் அப்படிச் சொன்னால் சரி என்று வீட்டில் இருந்துவிடுவான். எங்கள் ஊரில் படுக்கையில் விழுந்தவரைப் பார்க்கப் பத்துப் பேராவது கொலோன் என்கிற வாசனைத் தண்ணீர் பாட்டிலும் பழச்சாறுமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே விட மாட்டார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான். என் அம்மா இறந்த அன்று எங்களிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

வாணலியில் ஈரல் கருகியது. யாரும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை துன்ஜாய் வேனை எடுத்தான். நான், சிதிகா, துன்ஜாயின் மனைவி, என் தங்கை, அவள் கணவன். குர்பானிக் கறியில் நஸ்மியேவின் பங்கு ஒரு தூக்கில். எஸ்கிஷெஹிர் இரண்டு மணி நேரம். வேனில் யாரும் பேசவில்லை. சிதிகா மட்டும் உதட்டை அசைத்து ஓதிக்கொண்டே வந்தாள்.

முதல் ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னேன். சீட்டு எழுதும் பெண் திரையைத் தேடிவிட்டு, "அப்படி யாரும் இல்லையே மாமா" என்றாள்.

"நல்லா பாரும்மா. பித்தப்பை."

"பித்தப்பைக்கே இந்த வாரம் யாரையும் சேர்க்கல."

இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் இல்லை. மூன்றாவதில் வேனில் இருந்தவர்களை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். ராசிமின் தொலைபேசி அணைந்தே இருந்தது. அங்கே ஒரு ஆள், "பேர் இங்க இல்லன்னா கீழ விசாரிங்க" என்றான். கீழே என்றால் என்ன என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. கீழ்த்தளத்தில் ஒரு நீளமான தாழ்வாரம், கடைசியில் இரும்புக் கதவு, மேலே ஒரு பலகை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். முதல் எழுத்தைச் சேர்த்தேன், இரண்டாவதைச் சேர்த்தேன். நான்காவது எழுத்துக்கு வந்தபோது முழுச் சொல்லும் தெரிந்துவிட்டது. பிண அறை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பிடித்த எந்தக் கல்லும் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை. இருபத்தாறு வருடம் என் வீட்டில் குடல் கழுவிய கைகள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன என்று நினைத்தேன். அவளிடம் ஒரு தடவைகூட நல்லா இருக்கியாம்மா என்று கேட்டதில்லை என்பதும் அங்கேதான் ஞாபகம் வந்தது.

உள்ளிருந்து வந்த வயதான ஊழியர் என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். நஸ்மியேவின் பெயரைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இல்ல அண்ணே, இங்க எந்தப் பொம்பளையும் இல்ல. எழுந்திருங்க, தண்ணி குடிங்க" என்றார்.

அப்போதுதான் எல்வானைக் கூப்பிட்டேன்.

"உங்கம்மா எங்க இருக்காம்மா? மறைக்காத. நான் பிண அறை வாசல்ல நிக்கிறேன்."

அந்தப் பக்கம் அவள் வெடித்து அழுதாள்.

"பெரியப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல பெரியப்பா! திதிம்ல இருக்காங்க. கடலுக்குப் போயிருக்காங்க. எல்லாம் நான்தான் பண்ணேன், விடுதி பாத்தது, அறை எடுத்தது எல்லாம். அவங்கள வீட்டை விட்டு அனுப்பிடாதீங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க."

கடலுக்கு. எனக்கு அந்தச் சொல் உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. விடுதியின் எண்ணை வாங்கினேன். கூப்பிட்டேன். ஒரு அம்மாள் எடுத்தாள்.

"அங்க நஸ்மியேன்னு ஒருத்தங்க தங்கியிருக்காங்களா? அஃப்யோன் பக்கம்."

"ஆமா, இருக்காங்க. காலைல தண்ணில இறங்கினவங்க இன்னும் ஏறல."

"ஏறலயா? மூழ்கிட்டாளா?"

"அட என்ன வாய் இது! இடுப்பளவு தண்ணிதான் சார். கழுத்து வரைக்கும் உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டேங்கிறாங்க. கூப்பிடவா? யாரு பேசுறீங்கன்னு சொல்ல?"

அந்தப் படியின் கடைசிக் கல்லில் உட்கார்ந்தேன். மட்டமான பளிங்கு, என் பட்டறையில் அதை வாசலுக்குள்ளேயே விட மாட்டேன்.

"வேணாம். தப்பான நம்பர்," என்றேன்.

மேலே வேன் நின்றிருந்தது. எல்லோரும் கண்ணாடியை இறக்கி என் வாயையே பார்த்தார்கள். சிதிகா கறித் தூக்கை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். நான் பொய் சொல்லாதவன் என்று இந்த ஊருக்கே தெரியும். கல்லில் விரிசல் இருந்தால் வாங்க வந்தவனுக்கு நானே காட்டுவேன்.

"பார்த்தேன்," என்றேன். "நல்லா இருக்கா. சிரிச்சா. வேற யாரையும் விட மாட்டாங்க. வண்டிய எடுடா."

ஐந்தாம் நாள் அவர்கள் திரும்பினார்கள். ராசிம் காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். நஸ்மியே விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள், முகம் செம்புப் பானை மாதிரி.

"என்ன ஆஸ்பத்திரிடி இது, ஆளைக் கருக்கி அனுப்பியிருக்கு!" என்றாள் சிதிகா.

"மருந்துச் சூடு," என்று நான் முந்திக்கொண்டேன்.

பெருநாள் முடிந்துபோனாலும் அவள் குனிந்து என் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்தாள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"தண்ணி குளிரா இருந்துச்சாம்மா?"

அவள் நிமிரவில்லை. என் கையை விடவும் இல்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"இல்லண்ணே. வெதுவெதுன்னு இருந்துச்சு."

அந்தக் குளிர்காலத்தில்தான், சிதிகா வெளியே போயிருந்த ஒருநாள், காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பருப்பு டப்பா, வளையல், கோட்டு, எதையும் விடவில்லை. நீச்சல் உடையோடு மாவு தேய்த்ததைச் சொன்னபோது நான் காபியைச் சிந்திச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அஞ்சு நாளும் தண்ணில உக்காந்து கரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணே. உங்க வண்டி வந்து நிக்குதோ நிக்குதோன்னு. வெதாத் அண்ணன் அன்னைக்கு நம்ம வாசல்ல மணி அடிச்சுக்கிட்டே இருந்தாரே, அந்தச் சத்தம் கடலுக்குள்ளயும் கேட்டுச்சு."

நான் பேச்சை மாற்றினேன். அடுத்த பெருநாளுக்கு எந்த ஊர் வேண்டுமோ எழுது, அன்தால்யாவானாலும் சரி, குடல் கழுவ ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. பருப்பு டப்பா இன்னும் அலமாரியின் பின்வரிசையில்தான் இருக்கிறது.

வெதாத்தின் எண்ணை எல்வான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரமாக என் சட்டைப் பையில் கிடக்கிறது. தினமும் பட்டறைக்குப் போனதும் எடுத்து மேசையில் விரித்து வைக்கிறேன். எண்களை வாசிக்க எனக்குச் சிரமமே இல்லை. நேற்று ஏழு எண் வரைக்கும் அழுத்திவிட்டு, அவன் எடுக்காமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.